பொண்ணழைப்புக் காரின் மயில்நீல வீல்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள் லாத்தா என்று கடையில் கேட்டார்கள். மிஷினை எப்படிப் பிடிப்பது, எந்த ஷாம்புவில் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பதெல்லாம் சொல்லித்தர இப்போது கடையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட நான் அதைச் சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் நான் ஒரே ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். அதிலும் அந்தக் காரின் பாடியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. வீல்களைப் பற்றி மட்டும்தான்.

அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரம் இருக்கிற நம் கடையை ஆரம்பித்தது என் வீட்டுக்காரர். துபாயில் கார் கழுவுகிற கம்பெனியில் இருந்துவிட்டு வந்து போட்டார். கடைக்கு வண்டிகள் வரத் தொடங்கிய சமயம் பார்த்து அங்கிருந்து மறுபடி கூப்பிட்டார்கள், போய்விட்டார். கடையை மூடிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னபோது அவருடைய அக்கா, அதாவது என் மதினி, ஒரு கேள்விதான் கேட்டார். "மிஷின் கெடக்கு, தண்ணி கெடக்கு, நமக்குக் கையும் கெடக்கு. என்னத்துக்கு மூடணும்?"

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்த் துப்பாக்கியோடு இரண்டு பெண்கள் நிற்பதைப் பார்க்கவே ராமேஸ்வரம் போகிற கார்கள் வேகத்தைக் குறைத்தன. பார்க்க வந்தவர்கள் சும்மா திரும்பிப் போகக் கூச்சப்பட்டு வண்டியைக் கழுவக் கொடுத்தார்கள். எங்களுக்கு விளம்பரப் பலகையே தேவைப்படவில்லை.

மிஷினை எப்படி ஓட்டுவது என்று கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அதை எப்போது நிறுத்துவது என்று கற்றுக்கொடுத்தவர் மதினி.

இந்த ராமேஸ்வரம் தீவில் ஓடுகிற எந்த வண்டிக்கும் முதல் அடி வீலுக்குத்தான் விழுகிறது. உப்புக் காற்று, தனுஷ்கோடி மணல், பிரேக்கிலிருந்து உதிர்கிற கறுப்புத் தூள் எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். ஆனால் வீல் மேலும் பெயின்ட்தான் இருக்கிறது என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. கதவைத் துடைக்கும்போது பட்டுப் புடவையைத் தொடுவது மாதிரித் தொடுகிறவர்கள், வீலுக்கு வந்ததும் அடிபிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரித் தேய்க்கிறார்கள். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், வழியில் எங்கேயோ ஆசிட் ஊற்றிக் கழுவிய வீல்களோடு வந்தார். வெள்ளி நிறப் பெயின்ட் சுண்ணாம்பு பூத்த சுவர் மாதிரி வெளிறிப்போய் இருந்தது. சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. லாரி ரிம்முக்காக நாங்கள் வைத்திருந்த ஆசிட் கேனை மதினி அன்றைக்கே எடுத்துப் பின்பக்கச் சுவரோரம் வைத்தார். "இனிமே இதத் தொடணும்னா என்னையக் கேட்டுத்தான் தொடணும்" என்றார்.

இனி அந்தக் கார்.

ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம், காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். பால் வெள்ளையில் பழைய பத்மினி கார் ஒன்று கடைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தது. கார் பழையதே தவிர, உடம்பெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. ஓட்டி வந்தவர் பெரிய மீசையும் புது வேட்டியுமாக இறங்கினார். வேட்டி முனையில் தார்க்கறை. முகத்தில் சொல்ல முடியாத பயம்.

"தங்கச்சி, இங்கன வீலு மட்டும் கழுவித் தருவீகளா?"

நான் குனிந்து பார்த்தேன். வீல்கள் மயில் கழுத்து நீலம். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்த அழகின் மேல் தார்த் துளிகள் அப்பியிருந்தன. தாரின் மேல் மணல் ஒட்டி, ஒவ்வொன்றும் எள்ளுருண்டை மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். அவர் சிக்கல் என்கிற ஊரிலிருந்து வருகிறார். பாம்பன் பாலத்துக்கு முந்தி, மண்டபம் ஊர்ப் பக்கம் புதுத் தார் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஒதுக்கிவிட்ட பாதையைக் கவனிக்காமல் நேராக விட்டுவிட்டார். ரோட்டுக்காரர்கள் கத்தியதும் பதறிப்போய் வண்டியை மணலில் இறக்கிவிட்டார்.

"எப்பண்ணே வேணும்?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் பொண்ணழைப்பு. ராமேஸ்வரத்துல கோயில்ல இருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் பொண்ணு இதுலதான் வருது. பொண்ணேதான் ஓட்டிக்கிட்டு வருது."

பக்கத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த மதினி மிஷினை நிறுத்தினார். "பொண்ணே ஓட்டுதா?"

"ஆமா. அதான் அவ போட்ட ஒரே கண்டிசன்."

பெண்ணின் பெயர் வளர்மதி. அவருடைய அக்கா மகள். ராமநாதபுரத்தில் ஒரு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்துகிறாள். ஏதோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த இந்தக் காரை வாங்கி, விடுமுறை நாள்களில் உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாகக் கழற்றிச் சேர்த்து ஓட வைத்தவள் அவள்தான். பொம்பளைப் பிள்ளை உடம்பெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டு நிற்கிறதே என்று வீட்டில் அதிகம் சத்தம் போட்டவர் இந்தத் தாய்மாமன். இன்று அதே காரை ஊரிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பை அவரிடம்தான் நம்பிக் கொடுத்திருந்தாள். அவள் தங்கச்சிமடத்தில் சொந்தக்காரர் வீட்டில் கைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ கண்ணுல படுறதுக்கு முன்னாடி சுத்தமாக்கிரணும் தங்கச்சி. சட்டுன்னு தண்ணிய அடிங்க."

நான் வீலுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது. அவ்வளவு தூரம் ஓடி வந்த வீலில் உடனே குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது. ஷாம்பு போட்டாலும் போட்ட இடத்திலேயே காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். காரைப் பூவரச மர நிழலுக்குத் தள்ளினோம். மாமாவுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தோம். அவர் டீயைக் குடிக்கவில்லை. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்படி வந்ததில் பின்பக்கச் சுவரோரம் இருந்த கேனைப் பார்த்துவிட்டார்.

"லாரிக்காரங்கெல்லாம் இதத்தான ஊத்துறாங்க? ஊத்துனா பளிச்சுன்னு ஆயிருமே."

"ஆயிரும்ணே" என்றார் மதினி. "தாரும் இருக்காது, நீலமும் இருக்காது. ஊத்தட்டுமா?"

மாமா திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிள்ளைகளா, நம் தொழிலில் உண்மையான அவசரம் என்பது குறைவு. வண்டிக்காரரின் பதற்றம்தான் அதிகம். அது நம் கையில் தொற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை. அன்றைக்கு மாமா நின்ற நிலையைப் பார்த்து எனக்கும் கை தண்ணீர்த் துப்பாக்கியைத் தேடியது. மதினி மட்டும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு, தன்பாட்டுக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். வீலுக்கு நாங்கள் போர்வெல் தண்ணீர் விடுவதில்லை. தங்கச்சிமடத்திலிருந்து வரவழைக்கிற நல்ல தண்ணீர்தான். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூத்துவிடும்.

வீல் ஆறியதும் முதலில் மணலை மட்டும் தண்ணீர் விட்டு விட்டு இறக்கினோம். மணல் இருக்கும்போது துணி வைத்தால் துணியே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு ஒரு பின் வீலின் உள்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், தார் எடுக்கிற மருந்தைத் துணியில் தொட்டு வைத்துப் பார்த்தேன். தார் இளகி வந்தது. துணியில் நீலம் ஒட்டவில்லை. மனசு லேசானது. இரண்டு பின் வீல்களும் புதுசு மாதிரி வெளிவந்தன. மாமா முதல் தடவையாக டீயை வாயில் வைத்தார். ஆறிப்போயிருந்தது.

அடுத்து டிரைவருக்கு எதிர்ப்பக்கம், இடது முன் வீல். அதே மருந்து, அதே துணி. நான் கையை நீட்டிய நேரத்தில் மதினி, "நில்லு ஜெமிலா" என்றார்.

காரின் கதவு திறந்திருந்தது. உள்ளே கால்மிதிமேல் சுருட்டிப் போட்டிருந்த ஒரு துண்டை மதினி இரண்டு விரலால் எடுத்துப் பிரித்தார். துண்டில் பாதி தார்க் கறுப்பு. மீதி மயில் நீலம்.

"அண்ணே, இது என்ன?"

மாமா எழுந்து நின்றார். மீசை துடித்தது. "பாலத்துக்கு முன்னாடி நிறுத்தி, பெட்ரோல் தொட்டு லேசாத் தொடச்சுப் பாத்தேன். நீலம் துண்டுல வந்துருச்சு. பயந்துபோயி விட்டுட்டேன். ஒங்ககிட்டச் சொன்னா வேலைக்கே எடுக்க மாட்டீகளோன்னு…"

நான் வீலின் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் உள்ளங்கை அளவு இடம் மங்கிப் போயிருந்தது. மணலும் தண்ணீர் ஈரமும் மறைத்ததில் அதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது. பின் வீலில் மருந்துக்கே அசையாத நீலம், முன் வீலில் பெட்ரோலுக்குக் கரைந்திருக்கிறது. பார்வைக்கு ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. ஆனால் இரண்டும் ஒரே பெயின்ட் இல்லை. இது எந்தப் பெயின்ட், எப்போது அடித்தது, அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊகித்து வேலை செய்யலாம். பத்தில் ஒன்பது தடவை ஊகம் பலிக்கும். இது கல்யாணக் கார்.

"பொண்ணு நம்பரப் போடுங்கண்ணே."

"வேணாம் தங்கச்சி!" அவர் கும்பிடாத குறை. "இன்னைக்கு ஒரு நாளு அவ அழக்கூடாது. நானே இதுக்குக் காரணம்னு தெரிஞ்சா… நீங்க பாத்து ஏதாச்சும் செய்யுங்க."

எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. மருதாணிக் கையோடு இருக்கிற மணப்பெண்ணைக் கூப்பிட்டு உன் கார் வீலில் பெயின்ட் போய்விட்டது என்று யார் சொல்வது? ஆனால் அந்த நீலத்தைப் பூசினவளே போனில் கிடைக்கும்போது, அவள் மனசு நோகுமே என்று கேட்காமல் விட்டு, வீலைக் கெடுத்துக் கையில் கொடுத்தால் அவள் மனசு எவ்வளவு நோகும்? "நீங்க போடலைன்னா நான் துணியத் தொட மாட்டேண்ணே" என்றேன்.

அவர் போட்டுக் கொடுத்தார். அங்கே யாரோ போனை அவள் காதருகே பிடித்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் பெண்களின் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டன. நான் யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். கூட்டிக் குறைக்காமல் சொன்னேன். சிரிப்புச் சத்தம் அடங்கியது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எந்த வீலு அக்கா?" என்று கேட்டாள்.

"முன்னாடி எடது பக்கம்."

"நல்ல வேளை, கேட்டீக. மத்த மூணும் கடையில குடுத்து ஸ்ப்ரே அடிச்சது. மேல கிளியர் கோட்டு இருக்கு, ஒண்ணும் ஆகாது. இந்த ரிம்மு போன மாசம் பள்ளத்துல விழுந்து நெளிஞ்சு போச்சு. வேற ரிம்மு வாங்கி, நேரமில்லாம நானே வீட்டுல பிரஷ்ஷால எனாமல் அடிச்சேன். இன்னும் முழுசா இறுகிருக்காது. அதுல மருந்து பட்டா மொத்தமா வழிஞ்சுரும்."

என் கையிலிருந்த மருந்துத் துணியை மதினி வாங்கித் தூரப் போட்டார்.

"அக்கா," என்றாள் வளர்மதி. "மாமா பக்கத்துல இருக்காகளா?"

"இருக்காரும்மா."

"மாமா, காலையில எதும் சாப்பிட்டீகளா இல்லையா?"

அந்தப் பெரிய மீசைக்காரர் பூவரச மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மதினிதான் போனை வாங்கி, "நாங்க சாப்பிட வைக்கிறோம் தாயி, நீ கையக் காய வையி" என்று சொல்லி வைத்தார். மதியத்துக்கு எங்களிடம் மீன் குழம்பு இருந்தது. கல்யாணம் முடிகிறவரை கவிச்சி தொடமாட்டேன் என்றார் மாமா. பக்கத்துக் கடையிலிருந்து தயிர்ச்சோறு வாங்கி வந்து கொடுத்தோம். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர் மாதிரி சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஒரு வீலுக்கு நான் எடுத்தது தேங்காய் எண்ணெயும் பழைய பனியன் துணியும்தான். தார்த் துளிமேல் எண்ணெயைத் தொட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பேன். இளகியதை மட்டும் துணியால் ஒற்றி எடுப்பேன். தேய்க்கமாட்டேன். இளகாததை விட்டுவிட்டு அடுத்த துளிக்குப் போவேன். திரும்ப வருவேன். அதற்குள் மதினி நான்காவது வீலை மருந்து போட்டு முடித்து, வந்த மற்ற வண்டிகளையும் கழுவி அனுப்பிக்கொண்டிருந்தார். "என்ன, வீலுக்குத் தலைக்கு எண்ணெய் வச்சு விடுறாக?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார் ஒரு வேன் டிரைவர்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் இறங்கினாள். முழங்கை வரை மருதாணி. தலையில் பாதிப் பின்னல். பொறுக்க முடியாமல் வந்துவிட்டாள்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "வாம்மா" என்றார். அவள் நேராக வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். வீலைப் பார்த்தாள். தொட முடியாத கைகளை முழங்காலுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் அப்படியும் இப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மங்கிய இடத்தைப் பார்த்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். பூசினவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இந்த மங்கல் போகாதும்மா" என்றேன். "இப்ப மேல பெயின்ட் தொட்டு வச்சாலும் காயாது. ஊர்வலத் தூசி பூராவும் அதுல ஒட்டிக்கிரும்."

"தெரியும்க்கா. கல்யாணம் முடிஞ்சு நான் பாத்துக்கிறேன். எண்ணெ நல்ல யோசனை. எனக்குத் தோணிருக்காது."

எல்லாத் துளிகளும் போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் போகவில்லை. மங்கிய இடத்துக்கு நடுவில், ஒரு மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக நின்றது. பெட்ரோல் பட்டு இளகியிருந்த பெயின்ட்டுக்குள்ளேயே அது புதைந்து போயிருந்தது. எண்ணெய் வைத்துப் பார்த்தேன். மறுபடி வைத்தேன். துணியை வைத்து ஒற்றினால் தார் வரவில்லை, துணியில் மெல்லிசாக நீலம் தெரிந்தது.

பிள்ளைகளா, இந்த இடத்தில்தான் எல்லாக் கையும் தப்புப் பண்ணும். மற்றதெல்லாம் சுத்தமான பிறகு மிச்சமிருக்கிற ஒரு புள்ளிதான் கண்ணைக் குத்தும். இன்னும் ஒரே ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தி என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். எனக்கும் கேட்டது. அழுத்தியிருந்தால் புள்ளி போயிருக்கும். அதோடு சேர்ந்து அடியிலிருந்த பெயின்ட்டும் உரிந்து, இரும்பு தெரிந்திருக்கும். நான் துணியை மடித்துத் தரையில் வைத்தேன்.

"இதுக்கு மேல என்னால எடுக்க முடியாதும்மா. எடுத்தா நீலம் வந்துரும். இது இப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். மாமா பின்னால் பெருமூச்சு விடுவது கேட்டது.

வளர்மதி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நல்லாப் பாருங்க. கன்னத்துல வச்ச மாதிரி இல்ல? எனக்கு இன்னும் திருஷ்டிப் பொட்டு வைக்கல. என் காருக்கு வச்சாச்சு."

மதினி தலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, மாஷா அல்லா, நல்ல எடமாப் பாத்துத்தான் விழுந்திருக்கு" என்றார். அவ்வளவுதான், மாமா உட்பட எல்லோரும் சிரித்தோம். காத்திருந்த ஆட்டோக்காரர் என்ன விஷயம் என்று இறங்கி வந்து பார்த்துவிட்டு, விஷயம் புரியாமலே சேர்ந்து சிரித்தார்.

எண்ணெய்ப் பிசுக்கை ஷாம்பு நுரையால் எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு, துணியால் ஒற்றிக் காய வைத்துக் கொடுத்தோம். கிளம்பும்போது அவள் எங்களையும் வரச்சொன்னாள். சும்மா சொன்னதில்லை. "நீங்க வரலைன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன்" என்றாள். அதனால் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு நானும் மதினியும் ராமேஸ்வரம் போனோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரமும் தவிலும். அதற்குப் பின்னால் பால் வெள்ளைக் கார், நடை வேகத்தில், ஒரு தடவைகூடக் குலுங்காமல், அணையாமல் வந்தது. பட்டுப் புடவையும் நெற்றிச்சுட்டியுமாக வளர்மதி ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். மருதாணி சிவப்பேறியிருந்தது. பக்கத்தில் அவளுடைய அப்பா, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் காட்டினார்கள். கோயிலுக்கு வந்த வெளியூர்ச் சனங்கள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மதினி என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டே வந்தார்.

மாமா காருக்குள் ஏறவில்லை. முன்பக்க இடது வீலை ஒட்டியே நடந்து வந்தார். யாராவது பக்கத்தில் வந்தால் கையை நீட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சித்தப்பு, வீலுல கறுப்பா என்னமோ ஒட்டியிருக்கு?" என்று கேட்டான்.

மாமா மீசையை நீவிவிட்டுக்கொண்டார். தவில் சத்தத்தையும் தாண்டி எங்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏலே, அது திருஷ்டிப் பொட்டுடா. வச்சதே நான்தான்!"